மூடிய கேட்டும் மஞ்சள் கொடியும்

தும்மல் வந்தால் முழங்கையை மடக்கி அதற்குள் தும்ம வேண்டும் என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, முன் வரிசையில் இருந்த ஒரு அம்மா தும்மிவிட்டாள். கையிலும் இல்லை, முழங்கையிலும் இல்லை. என் முகத்தைப் பார்த்து நேராகத் தும்மினாள். உடனே அக்கம்பக்கத்து நாலு பெண்கள் "சேசு மரி சூசை" என்று சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே அவளை நெருங்கி உட்கார்ந்து முதுகைத் தடவிவிட்டார்கள். தும்மியவரிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்ற அடுத்த பாடத்தை நான் அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

தூத்துக்குடி அரசு மருத்துவமனையில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கொரோனா அடங்கிச் சில வருடம் கழித்து ஒரு அறக்கட்டளைக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். அடுத்ததாக ஒரு பெரிய ஃப்ளூ காய்ச்சல் உலகத்தைச் சுற்றி வந்தால் சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகள் தாங்குமா, அவற்றைத் தயார் செய்ய ஆள் வேண்டும் என்றார்கள். முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள், படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டிவிட்டு வருகிறவர்கள், மதியச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள், இவர்கள்தான் என் மாணவிகள். சும்மா இருப்பதை விடச் சுமை தூக்குவது மேல் என்று சரி சொல்லிவிட்டேன். எனக்குத் திட்டம் போடுவதென்றால் அவ்வளவு பிடிக்கும். இரண்டே வாரத்தில் ஒரு தடித்த ஃபைல் தயார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தபோது எனக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல.

நான் ஆற்றங்கரைக்காரி. தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளைகிற ஊரில் பிறந்து, கல்யாணமாகித் தூத்துக்குடி வந்தவள். இந்தக் கடற்கரை மனிதர்களுக்கு இத்தனை வருடம் ஊசி போட்டிருக்கிறேன். ஆனாலும் அவர்களை எனக்குப் பாதிதான் தெரியும் என்பது அந்த ஃபைலைத் திறந்த பிறகுதான் புரிந்தது.

நான் அதிகமாகப் போனது கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்கு. ஒரு காலத்தில் சரக்கு வைக்கிற கிட்டங்கியாக இருந்த மாடிக் கட்டடம், இருபது முதியவர்கள், தெருவைப் பார்த்து ஒரு இரும்புக் கேட். பணியாளர்கள் ஐந்து பேர். அவர்களில் பெரியவள் நாற்பத்தைந்து வயதுப் பெண். யாருக்கு எந்த மாத்திரை, யாருக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், யார் கோபத்தில் சாப்பிடவில்லை, யார் பசியில்லாமல் சாப்பிடவில்லை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பொறுப்பாளர் என்று ஒரு கமிட்டி இருந்தது. ஆனால் கேட் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும்.

என் முதல் பாடம் எளிது. பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட்டால் மீதிப் பேர் எப்படிச் சமாளிப்பது? ஒவ்வொருவர் வேலையும் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், எழுதி வையுங்கள் என்றேன். சமையல்காரி எழுந்து நின்றாள். "எல்லாம் கைக்கணக்கு நர்ஸம்மா. எழுதச் சொன்னா, என் கைய வெட்டி இங்கன வச்சிட்டுப் போவவா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்காமல் ஒரு டம்ளரைக் கொடுத்து, அவள் கையால் அள்ளிய மல்லித்தூளையும் புளியையும் உப்பையும் அதில் போட வைத்து அளந்தேன். இருபது பேருக்கான குழம்பு முக்கால் மணி நேரத்தில் காகிதத்துக்கு வந்துவிட்டது. அவளுக்கே ஆச்சரியம். "இம்புட்டு உப்பா போடுதேன்?" என்றாள்.

கேட்டைப் பற்றிய பக்கத்துக்கு வந்ததும்தான் சிக்கல்.

என் ஃபைலில் அது தெளிவாக இருந்தது. இல்லத்துக்குள் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் கேட்டைப் பூட்ட வேண்டும், வெளியாட்கள் யாரும் வரக்கூடாது. நான் வாசித்து முடிக்கும்போது பெரியவள் எழுந்துவிட்டாள். "கேட்டைப் பூட்டணும்னா வேற ஆளைப் பாத்துக்கிடுங்க நர்ஸம்மா. ஒரு தரம் பூட்டுனதே போதும்" என்றாள். சொல்லிவிட்டு யாருக்கோ கால் கழுவிவிடப் போய்விட்டாள். அவள் இல்லாமல் அந்த இல்லம் ஒரு நாள் ஓடாது, அது எனக்கும் தெரியும். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு சமையல்காரிதான் விஷயத்தைச் சொன்னாள்.

இந்தக் கரையில் ஒருவர் நோயில் விழுந்துவிட்டால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் ஏதாவது சாக்குச் சொல்லிச் சமாளிக்கலாம். நோயாளியை எட்டிப் பார்க்காதவரோடு பேச்சுவார்த்தை முறிந்துவிடும், பார்க்க விடாதவரோடு அதைவிட. ஆலந்தலை என்கிற கடற்கரை ஊரில் மீன் விற்கிற ஒரு அக்காவுக்கு இரண்டு அண்ணன்மார். இரண்டு பேரும் இந்த இல்லத்தில் இருந்தார்கள். கொரோனா சமயத்தில் பெரிய அண்ணன் படுத்துவிட்டார். பஸ் ஓடவில்லை. அந்த அக்கா ஒரு மீன் வண்டிக்காரரைக் கெஞ்சி, அவித்த முட்டையும் ரசமும் எடுத்துக்கொண்டு வந்து கேட்டில் நின்றாள். யாரையும் விடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. சாவி பெரியவள் இடுப்பில் இருந்தது. காலையிலிருந்து நின்றவளின் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் திரும்பி நின்றுகொண்டாள். ஆலந்தலை அக்கா கண்டது அந்த முதுகைத்தான். அன்றைக்குச் சாயங்காலம் பெரிய அண்ணன் இறந்துபோனார்.

அதிலிருந்து ஆலந்தலை அக்கா அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் சின்ன அண்ணன் இன்னும் உள்ளே இருக்கிறாரே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துதானே ஆக வேண்டும்? வந்து, கேட்டோடு பேசுவாள். நானே என் காதால் கேட்டிருக்கிறேன். "ஏ கேட்டே, எங்க அண்ணனுக்கு விளமீன் கொண்டாந்திருக்கேன். முள்ளு பாத்துக் குடுக்கச் சொல்லு." இரண்டடி தூரத்தில் நிற்கிற பெரியவளும் கேட்டுக்கே பதில் சொல்வாள். "கேட்டே, பாத்துக் குடுக்கேன்னு சொல்லு." முதல் தடவை கேட்டபோது சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆலந்தலை அக்கா போன பிறகு பெரியவள் மீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அதைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

ஆனாலும் என் பிடிவாதம் போகவில்லை. அன்பு வேறு, கிருமி வேறு என்று பெரியவளை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசினேன். ஊரே வந்து எட்டிப் பார்த்தால் ஒருத்தருடைய காய்ச்சல் இருபது பேருக்கும் வரும், அப்போது யாரைக் காப்பாற்றுவாய் என்று கேட்டேன். ஒரே ஒரு நாள் ஒத்திகை பார்க்கலாம், பொய்க் காய்ச்சல்தானே என்றேன். வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினாள்.

பொய் நோயாளியாக நடிக்க அந்தச் சின்ன அண்ணனே முன்வந்தார். மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டிய தண்டல் அவர். தண்டல் என்றால் தோணியின் தலைவர். எழுபத்தைந்து வயதிலும் எட்டு ஊருக்குக் கேட்கிற குரல். ஒரு சனிக்கிழமை காலை அவரை மாடி அறையில் படுக்க வைத்தோம். கேட்டைப் பூட்டி, நானே என் கையால் பெரிதாக எழுதிய பலகையை மாட்டினேன்: "இங்கே காய்ச்சல். பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை." கீழே சின்ன எழுத்தில் "ஒத்திகை" என்றும் எழுதியிருந்தேன். அந்தச் சின்ன எழுத்தை இன்று வரை ஒருவர் கூடப் படித்ததாகச் சொன்னதில்லை.

அரை மணி நேரத்தில் தெரு நிறைந்துவிட்டது. பலகையில் "காய்ச்சல்" என்பதைப் படித்தவர்கள் அடுத்த வரியைப் படிக்க நிற்கவில்லை, கடைக்கு ஓடிவிட்டார்கள். பன், ரொட்டி, இளநீர், ஹார்லிக்ஸ், ஆரஞ்சு என்று ஆளாளுக்கு ஒரு பை. ஆட்டோ ஸ்டாண்டே வந்துவிட்டது. யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டார்கள். தண்டலுக்கு என்று யாரோ சொன்னதும், எதிர்வீட்டுக்காரர் சாமியாரை அழைத்துவர மாதா கோவிலுக்கு ஆள் அனுப்பிவிட்டார், சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில் பூசுதலுக்காக! "ஒத்திகை, ஒத்திகை" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "பாவம், நர்ஸம்மாவுக்கே பயம் வந்துட்டு" என்று ஒரு பெண் என் முதுகைத் தடவினாள். மாடி ஜன்னலிலிருந்து தண்டல் வேறு, தன் பங்குக்கு, நல்ல நீளமாக முனகினார். இவ்வளவுக்கும் நடுவில் கயிறு கட்டி நாலு பன்னை மேலே இழுத்துக்கொண்டார்.

எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, செய்தி ஆலந்தலைக்குப் போகும்வரை. மத்தியானத்துக்கு முன்னால் அந்த அக்கா பஸ் பிடித்து வந்துவிட்டாள். மீன் வெட்டிய சேலையை மாற்றக்கூட இல்லை. கூட்டம் விலகி வழி விட்டது. வந்து கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் கேட்டோடும் பேசவில்லை. கையில் ஒரு தூக்குச் சட்டி, அதில் என்ன இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பெரியவள் உள்பக்கம் சாவியோடு நின்றாள். பூட்டைத் திறந்து கேட்டை அகலத் தள்ளிவிட்டு, சாவியை என் கையில் வைத்தாள். "இன்னொரு தரம் என்னால ஆவாது நர்ஸம்மா. நான் நாளையிலேர்ந்து வரல." அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. பெரிய புத்திசாலி மாதிரி ஒத்திகை வைத்து, அவளுடைய அந்தப் பழைய நாளை நானே திரும்பக் கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்தியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அதற்குள் தண்டல் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார், கையில் பாதி தின்ற பன்னோடு. தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அழுதுகொண்டே தூக்குச் சட்டியாலேயே அவர் தோளில் ஒன்று போட்டாள். "காய்ச்சல்னு சொல்லிட்டு பன்னு திங்குதியா? பஸ்ஸுல வாரதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு!" கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவளும் அழுகையோடு சிரித்தாள். அவரும் தோளைத் தடவிக்கொண்டு முட்டையை வாங்கித் தின்றார்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னிடம் வந்து, என் பலகையைக் காட்டிக் கேட்டார். "இது என்னம்மா எழுத்து? அனுமதி இல்லைன்னா, மனுசனுக்கு எழுதுனதா, நாய்க்கு எழுதுனதா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் விடவில்லை. "தோணியில அம்மை கண்டா நாங்க என்ன செய்வோம்? துறைக்குள்ள வர மாட்டோம். மஞ்சக் கொடிய ஏத்திட்டு வெளியிலேயே நங்கூரம் போட்டுக் கெடப்போம். பொஞ்சாதி பிள்ளைங்க வள்ளத்துல வந்து கீழ நின்னு சத்தம் போட்டுப் பேசும். கயித்துல சோறு ஏறும், அழுக்குத்துணி இறங்கும். ஒருத்தரும் மேல ஏற மாட்டாங்க. ஒருத்தரும் கோவிச்சுக்கிட்டதும் இல்ல. பாக்க வந்தாச்சுல்லா? மொகத்தப் பாத்தாச்சுல்லா? அம்புட்டுத்தான்."

பத்து நிமிடம் எனக்கு எரிச்சல்தான். நர்ஸுக்கு இவர் பாடம் எடுக்கிறாரா என்று. பதினோராவது நிமிடம் ஃபைலை எடுத்து, கேட்டைப் பற்றிய பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். பெரியவள் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சாவியை நீட்டினேன். "பூட்டத்தான் செய்வோம். ஆனா யாரையும் முதுகு பாக்க விடமாட்டோம்" என்றேன். அவள் சாவியை வாங்கவில்லை. "பேச்சுல எல்லாம் சரியாத்தான் வரும்" என்றாள். ஆனால் மறுநாள் வேலைக்கு வந்திருந்தாள். சாவியைப் பேசாமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் பார்த்தால் அது அவள் இடுப்பில் இருந்தது.

அதற்கப்புறம் வேலை செய்தது போலவே இல்லை, திருவிழா மாதிரி இருந்தது. மஞ்சள் கொடிக்குச் சமையல்காரி தன் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தாள். தெருவின் எதிர்ப்பக்கம் சுவரோரமாகச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டோம். கொடி ஏறினால் அந்தக் கோடுதான் கடல், அதைத் தாண்டக் கூடாது. மாடி ஜன்னலில் கப்பி மாட்டி, அங்கிருந்து தெருவைத் தாண்டிக் கோடு வரை சாய்வாக ஒரு கயிறு, அதில் ஒரு வாளி. முடிச்சைத் தண்டல் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. தெருக்காரர்களுக்கு நான் ஒரு தடவைதான் சொன்னேன். துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள், கப்பல் வெளியே நிற்கிறது என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்ற அமைப்புகளின் பெண்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வீடு வீடாகச் சோறு கொடுக்கிறவர்கள் மறுவாரமே மஞ்சள் துணி வாங்கிவிட்டார்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் நிஜக் காய்ச்சல் வந்தது. பெருந்தொற்றெல்லாம் இல்லை, வருடா வருடம் வருகிற ஃப்ளூதான். ஆனால் எண்பது வயது நெஞ்சுக்கு அது போதும். முதல் நாள் இரண்டு பேர், மறுநாள் தண்டல். நடிக்கும்போது முனகிய மனுஷர், நிஜமாக வந்தபோது சத்தமே இல்லாமல் சுருண்டுவிட்டார். பெரியவள் முகக்கவசமும் மேலங்கியும் போட்டுக்கொண்டு அவரோடு மாடிக்குப் போனாள். முதல் நாளே கேட்டை அவளே பூட்டியிருந்தாள். பூட்டிவிட்டுக் கொடியை ஏற்றச் சொன்னதும் அவள்தான்.

சமையல்காரியும் படுத்துவிட்டதால் அடுப்படிக்கு நான் போனேன். டம்ளர் கணக்கைச் சுவரில் ஒட்டிவைத்து, அதன்படியே குழம்பு வைத்தேன். முதல் வாய் வைத்த ஒரு தாத்தா, "நர்ஸம்மா, இதுல காய்ச்சல் மாத்திர ஏதும் கரைச்சிருக்கியளா?" என்று கேட்டார். ஆனாலும் தட்டுகள் காலியாகத்தான் திரும்பி வந்தன. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

தண்டல் மட்டும் மூன்று நாளாகக் கஞ்சி குடிக்கவில்லை. டாக்டர் வந்து பார்த்தார், நெஞ்சில் சளி கட்டவில்லை, ஆனால் வயிற்றுக்குள் ஏதாவது போனால்தான் தெம்பு வரும் என்றார். பெரியவள் ஸ்பூனை நீட்டினால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாராம். போனில் அவள் குரல் உடைந்திருந்தது. "அவுக பெரியண்ணனும் இப்படித்தான் திரும்பிக்கிட்டாரு நர்ஸம்மா."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆலந்தலை அக்கா வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கொடியைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். கேட் பக்கம் வரவே இல்லை. நேராகப் போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். தூக்குச் சட்டி வாளியில் ஏறியது. அவள் தலையை நிமிர்த்தி, மீன் விற்கிற குரலில், "எண்ணே! மொகத்தக் காட்டு!" என்று ஒரு சத்தம் போட்டாள். கீழே கேட்டுக்குள் நின்றுகொண்டிருந்த என் காது அடைத்தது.

ஜன்னலில் யாரும் வரவில்லை. அவள் மறுபடியும் கத்தினாள். தெருக்காரர்களும் கோட்டில் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

பிறகு ஜன்னலில் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. பெரியவள் அவரைப் பின்னால் இருந்து இரண்டு கையாலும் தாங்கித் தூக்கிப் பிடித்திருந்தாள். கனத்த உடம்பு. அவள் முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. ஆனால் தெருவைப் பார்த்துத்தான் நின்றாள். தண்டல் தங்கையைப் பார்த்தார். "முட்டையா?" என்று கேட்டார். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது மாதிரி இருந்தது.

"முட்டையும் ரசமும். நீ குடிக்கதப் பாக்காம நான் இங்கேருந்து அசைய மாட்டேன்!"

பெரியவள் ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ரசத்தை வாயில் வைத்தாள். ஒரு வாய். இரண்டு வாய். மூன்றாவது வாய்க்கு அவரே டம்ளரைப் பிடித்துக்கொண்டார். கோட்டில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்த நேரத்தில்தான் ஆலந்தலை அக்கா கையை நீட்டி மறுபடியும் ஒரு சத்தம் போட்டாள்.

"ஏளா! மூக்கு வெளிய தெரியுது பாரு! மாஸ்க்க மேல ஏத்து! அவரப் பாத்துக்கிட நீ நல்லா இருக்கண்டாமா?"

கைதட்டல் நின்றுவிட்டது. அவள் யாரைச் சொன்னாள் என்று எல்லோருக்கும் தெரியும். அத்தனை வருடத்தில் கேட்டிடம் சொல்லாமல் அவளிடமே நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. ஜன்னலில் பெரியவள் புறங்கையால் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் தள்ளிக்கொண்டு, "சரிக்கா" என்றாள்.

வாளி இறங்கியதும் ஆலந்தலை அக்கா காலிச் சட்டியை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் விளமீனு கொண்டாரேன்" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

அவள் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், என் போன் அடித்தது. மாடியிலிருந்து பெரியவள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "நர்ஸம்மா, என்னையத் திட்டிட்டாங்க. கேட்டீங்களா? என்னையத் திட்டிட்டாங்க!"

"கேட்டேன், தெருவே கேட்டுச்சு" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூக்க மூடிக்கிட்டுப் பேசு முதல்ல" என்று நானும் ஒரு திட்டுத் திட்டினேன்.